மெழுகு வாங்கிய குருவி

மனித குலம் லஞ்சத்தை எதிர்த்துப் போராடத் தொடங்கி எத்தனையோ நூற்றாண்டுகள் ஆகின்றன. ஆனால் அந்தப் போராட்டத்தைச் சரியான இடத்திலிருந்து, அதாவது ஒரு குருவியிலிருந்து, தொடங்கிய பெருமை நியாசா காட்டோரத்தில் உள்ள எங்கள் மாவட்டத்து வன அலுவலர் திரு. பௌஸ்தினோ ஒருவரையே சேரும்.

எங்கள் யாவோ இனத்து ஆட்கள் தேன் எடுக்கப் போனால் "ப்ர்ர்ர்... ஹ்ம்!" என்று குரல் கொடுப்பார்கள். தேன்காட்டிக் குருவி எங்கிருந்தோ வந்து, கிளைக்குக் கிளை தாவி, கத்திக்கொண்டே முன்னால் போகும். தேன்கூடு இருக்கிற மரம் வந்ததும் வாயை மூடிக்கொள்ளும். இவர்கள் புகை போட்டு, மரத்தை வெட்டித் தேனை எடுத்துவிட்டு, பச்சை இலையைப் பரப்பி அதன்மேல் ஒரு துண்டு தேனடையை வைத்துவிட்டு வருவார்கள். அதிலுள்ள மெழுகுதான் குருவிக்குச் சாப்பாடு.

பணி மாறுதலில் வந்த பௌஸ்தினோ இதைக் கேள்விப்பட்டு ஆடிப்போனார். "என்ன அக்கிரமம்! வேலை நடக்கப் பொருள் கொடுப்பதா? நான் இருக்கும் மாவட்டத்திலா?" மறுநாளே சுற்றறிக்கை வந்தது. வழிகாட்டும் பறவைகளுக்கு மெழுகு தருவது கையூட்டு. தருபவரின் தேன் எடுக்கும் உரிம அட்டை பறிக்கப்படும். மெழுகு முழுவதையும் அலுவலரிடம் ஒப்படைத்தால் 'பத்திரப்படுத்தப்படும்'. கூடவே ஆளுக்கு ஒரு டின் தேன், 'மாதிரிக்காக'.

இதில் வசமாக மாட்டிக்கொண்டவன் எங்கள் ஊருக்கு மாப்பிள்ளையாக வந்த கசிமு. எங்கள் பக்கம் கல்யாணமானால் மாப்பிள்ளைதான் பெண்ணின் ஊருக்குப் போய்க் குடியிருக்க வேண்டும். அங்கே பெண்ணின் அண்ணன் வைத்ததுதான் சட்டம். மாப்பிள்ளை உதவாக்கரை என்று அவனுக்குத் தோன்றிவிட்டால் பாயையும் கோடாலியையும் கையில் கொடுத்து வழியனுப்பிவிடுவான். கசிமுவுக்குத் தெரிந்த தொழில் தேன் எடுப்பது ஒன்றுதான். அவன் மச்சான் சைதேயோ சிரித்த முகத்தோடு ஆளை அனுப்பக்கூடியவன்.

"மூணு வாரமா வெறும் டின்னோட வர்றே. உன்னால இந்த ஊருக்கு என்னதான் பிரயோசனம், மாப்ளே?" என்றான் சைதே.

"குருவி எட்டிக்கூடப் பாக்க மாட்டேங்குது மச்சான். கூலி குடுக்காம யாரு வேலைக்கு வருவா?"

"ஏன், நீ கூலி இல்லாமத்தானே என் கொல்லையில மரவள்ளி நட்டே?"

"அது உன் தங்கச்சியக் கட்டினதுக்கு!"

அவன் மனைவி அவெத்து அடுப்படியிலிருந்து குரல் கொடுத்தாள். "அண்ணே, சும்மா சும்மா அவர வம்புக்கு இழுக்காதே. அவர அனுப்பினா நானும் பின்னாலயே கிளம்பிருவேன், பாத்துக்கோ."

"அட போடி. அட்டையப் புதுப்பிக்கற வரைக்கும் பாப்பேன். அட்டை போச்சுன்னா ஆளும் போக வேண்டியதுதான்."

அட்டையோ அந்த வாரத்தோடு முடிகிறது. அந்த நேரம் பார்த்துத் தலைநகரத்திலிருந்து ஆய்வாளர் எர்மெலிந்தா அம்மையார் வருவதாகத் தகவல் வந்தது. 'லஞ்சமற்ற தேனெடுப்பு' என்ற செயல்விளக்கத்துக்கு பௌஸ்தினோ ஏற்பாடு செய்தார். செய்து காட்ட கசிமுவைப் பிடித்தார். டின் நிறைந்தால் அட்டையில் முத்திரை, நிறையாவிட்டால் அட்டை ரத்து.

குறித்த நாள் காலையில் ஊரே காட்டோரம் கூடியது. பௌஸ்தினோ அரைமணி நேரம் பேசினார். "அம்மையார் அவர்களே! நம் மாவட்டத்துப் பறவைகள் இன்று தூய சேவை மனப்பான்மையோடு பறக்கின்றன!" வானத்தில் ஒரு பறவையும் பறக்கவில்லை. எல்லோரும் கைதட்டினார்கள்.

கசிமு "ப்ர்ர்ர்... ஹ்ம்!" என்றான். வராது, மானம் போகப்போகிறது, சாயங்காலம் பாயைச் சுருட்ட வேண்டியதுதான் என்று நினைத்தான். ஆச்சரியம், குருவி வந்துவிட்டது! இளைத்துப்போய், இறகெல்லாம் சிலும்பி, கடன்காரனைப் பார்த்ததுபோலக் கத்தியது. கத்திவிட்டுக் காட்டுப் பக்கம் போகாமல் எதிர்ப்பக்கமாகக் கிளம்பியது. கூட்டமும் பின்னால் ஓடியது.

"மாப்ளே, கூலி கிடைக்காத குருவி சிங்கத்துகிட்ட கூட்டிட்டுப் போயிரும்னு சொல்வாங்களே!" என்று சைதே அவன் சட்டையைப் பிடித்துக்கொண்டான்.

"இந்தப் பக்கம் ஏது மச்சான் சிங்கம்? ஆபீசருங்க வீடுதான் இருக்கு."

பௌஸ்தினோவின் நடை தளர்ந்தது. "வெயில் ஏறுகிறது. நிகழ்ச்சியை இங்கேயே நிறைவு செய்யலாம்," என்றார். குருவி நிறைவு செய்யவில்லை. நேரே அவர் வீட்டுக்குப் போய், பின்கட்டுக் கிடங்கின் தகரக் கூரையில் உட்கார்ந்து வாயை மூடிக்கொண்டது.

"இது அந்தப் பறவையின் சொந்தக் கருத்து," என்றார் பௌஸ்தினோ. "அலுவலகத்துக்கு இதில் சம்பந்தமில்லை."

"இருக்கட்டும். உங்க செயல்முறைக் குறிப்புல அடுத்தது என்ன?" என்று கேட்டார் ஆய்வாளர்.

பௌஸ்தினோ தாளைப் பார்த்துத் தாழ்ந்த குரலில் படித்தார். "'பறவை மௌனமான இடத்தை வெட்டித் திறக்கவும்.'"

"அப்புறம் என்ன? தம்பி, வெட்டு."

கசிமு உள்ளங்கையில் எச்சிலைத் துப்பிக் கோடாலியை ஓங்கினான்.

"சாவி இருக்கு! சாவி இருக்கு!" என்று அலறினார் பௌஸ்தினோ.

உள்ளே கூரை முட்ட மெழுகுக் கட்டிகள். சுவரோரம் தேன் டின்கள் வரிசையாக நின்றன.

"இவையெல்லாம் சாட்சியங்கள் அம்மா."

"சாட்சியத்துல 'பௌஸ்தினோ மலைத்தேன், அசல்'னு எதுக்கு லேபிள் ஒட்டியிருக்கு?"

பௌஸ்தினோ அவசரமாக லேபிளின்மேல் சுற்றறிக்கையை வைத்து மறைத்தார். ஆய்வாளர் ஒரு டின்னின்மேல் வைத்தே கசிமுவின் அட்டையில் முத்திரையைக் குத்தினார். அவெத்து குலவையிட்டாள். சைதே மாப்பிள்ளையின் தோளில் கைபோட்டு, இவன் திறமை தனக்கு முதலிலிருந்தே தெரியும் என்று அக்கம்பக்கத்தில் சொல்ல ஆரம்பித்தான்.

கசிமு ஒரு கட்டி மெழுகை உடைத்து, பச்சை இலை பரப்பி, கிடங்கு வாசலிலேயே வைத்தான்.

"லஞ்சம்! என் கண்ணெதிரேயே லஞ்சம்!" என்று பழக்கதோஷத்தில் கத்தினார் பௌஸ்தினோ.

கசிமுவுக்கு அத்தனை நாள் ஆத்திரமும் பொத்துக்கொண்டு வந்தது. "ஐயா, அது ஒரு துண்டு வாங்கிக்கும், கூட்டைக் காட்டிக் குடுக்கும். நீங்க மொத்தத்தையும் வாங்கிட்டு என் குடும்பத்தையே பிரிக்கப் பாத்தீங்களே!"

குருவி இறங்கி வந்து, யாரையும் பொருட்படுத்தாமல் சாப்பிட்டது. ஆக, திரு. பௌஸ்தினோவின் இயக்கம் மாபெரும் வெற்றி என்றே பதிவு செய்ய வேண்டும். மாவட்டத்தில் லஞ்சம் வாங்கியது யார் என்பதை அது ஒரே முற்பகலில், விலாசத்தோடு, கண்டுபிடித்துவிட்டது.