உஸ்ஸப்பன் காவல் காத்த சங்கீதம்

பழவேற்காட்டை டச்சுக்காரர்கள் ஆண்டார்கள் என்று யாராவது சொன்னால் நான் சிரித்துவிடுவேன். வாரத்தில் மற்ற நாட்களில் வேண்டுமானால் அவர்கள் ஆண்டிருக்கலாம். ஞாயிற்றுக்கிழமை கோட்டைக் கோயில் மணி அடித்து ஓய்ந்துவிட்டால் அங்கே உஸ்ஸப்பன் ஆட்சிதான். பீரங்கி வைத்திருந்தவர்களும், கப்பல் வைத்திருந்தவர்களும், துணி மூட்டைகளைக் கூரை வரை அடுக்கி வைத்திருந்தவர்களும் அவர் கண்ணுக்குப் பயந்து தும்மலை விழுங்கிக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள்.

அவருக்கு அப்பா அம்மா வைத்த பெயர் ஒன்று இருந்திருக்கும். யாருக்கும் அது தெரியாது. எதற்கெடுத்தாலும் உதட்டில் விரலை வைத்து "உஸ்" என்பதால் உஸ்ஸப்பன். வேலை, நாய் விரட்டுவது. சிரிக்காதீர்கள். டச்சுக்காரர்கள் தங்கள் ஊரிலேயே கோயிலுக்குள் நாய் நுழையாமல் விரட்டுவதற்குச் சம்பளம் கொடுத்து ஆள் வைக்கிறவர்கள். கடல் தாண்டி வந்தபோது வேதப் புத்தகத்தோடு அந்த வழக்கத்தையும் கொண்டுவந்து இறக்கிவிட்டார்கள். ஆள் மட்டும் இங்கே அகப்பட்டார். தோணிரேவில் ஏரிக்குள் இடுப்பளவு தண்ணீரில் நின்று வெறுங்கையால் நண்டு பிடித்துக்கொண்டிருந்த மனிதர், கையில் ஒரு நீளப் பிரம்போடு கோயில் வாசலுக்கு வந்து சேர்ந்தார்.

இதெல்லாம் எனக்கு எப்படித் தெரியும் என்றால், நான் கப்பித்தான் பெண்சாதிக்கு நாற்காலி தூக்கினவள். கோட்டையின் தலைவரைக் கப்பித்தான் என்பார்கள். அவருடைய துரைசானி கோயிலுக்குப் புறப்பட்டால் அவளுக்கு முன்னால் ஒரு நாற்காலி, கால் வைக்க ஒரு முக்காலி, விசிறி, வெள்ளிப் பூண் போட்ட பாட்டுப் புத்தகம் எல்லாம் புறப்பட வேண்டும். பக்தி அவளுடையது, பாரம் என்னுடையது. கோயிலுக்குள் அவளுக்குப் பின்னால் நின்று விசிறுவதும் நான்தான்.

அந்த வருஷம் கப்பித்தானுக்குச் சங்கீதப் பைத்தியம் பிடித்தது. கடலுக்கு அப்பால் டச்சுக்காரர்களின் தலைமை ஊரான பத்தாவியாவிலிருந்து கப்பலில் ஓர் ஆர்கன் வந்து இறங்கியது. எங்கள் பக்கத்து ஜனங்கள் அதற்கு முனகல் பெட்டி என்று பெயர் வைத்தார்கள். கிறிஸ்துமஸ் தொடங்கி ஈஸ்டர் வரை ஞாயிறுதோறும் பிரசங்கம் முடிந்ததும் சங்கீதம், கோட்டையிலுள்ள வெள்ளைக்காரர்கள் அத்தனை பேரும் உட்கார்ந்து கேட்க வேண்டும் என்று உத்தரவு. வாசித்தவர் ஒரு பீரங்கிக்காரர். ஆயுசெல்லாம் பீரங்கிக்குப் பக்கத்தில் நின்று பாதிக் காது போனவர். ஆனாலும் அவர் வாசித்தால் நன்றாகத்தான் இருந்தது. சில நாள் எனக்கே விசிறியை ஆட்ட மறந்துபோகும். அதை நினைத்தால் இப்போதும் எனக்கு ஆத்திரமாக வருகிறது.

ஏனென்றால் அதே வருஷம்தான் மழை பொய்த்தது. திருப்பாலைவனம் பக்கம் நெல் வயல்களெல்லாம் வெடித்துக் கிடந்தன. சோற்றுக்கு வழியில்லாதவர்கள் பிள்ளைகளை விற்றார்கள், பிறகு தங்களையே விற்றார்கள். வாங்கியது கோட்டை. கோயிலை ஒட்டி ஒரு நீளக் கிடங்கு இருந்தது. முன்பெல்லாம் அதில் துணி மூட்டை வைப்பார்கள். அந்த வருஷம் ஆட்களை வைத்தார்கள். பத்தாவியாவுக்கு அடிமைகளை ஏற்றிப் போகும் கப்பல் வருகிற வரை அவர்கள் அதற்குள்ளேயே கிடக்க வேண்டும்.

உஸ்ஸப்பனின் அக்கா கன்னியம்மாவும் அந்தக் கிடங்கில் இருந்தாள். தாயில்லாத தம்பியைத் தூக்கி வளர்த்தவள். திருப்பாலைவனத்தில் வாழ்க்கைப்பட்டாள். புருசன் செத்துக் காரியம் முடிந்ததும், கொழுந்தன் அவளைக் கூட்டிவந்து கோட்டையில் ஒப்படைத்துவிட்டு அரிசி மூட்டையோடு வீடு திரும்பினான்.

உஸ்ஸப்பன் ஓடிவந்து கப்பித்தான் காலில் விழுந்தார். கப்பித்தான் சாப்பாட்டு மேசையில் இருந்தார், நான் விசிறிக்கொண்டிருந்தேன். கோழிக்காலைக் கடித்தபடியே துபாஷியிடம் ஏதோ சொன்னார். துபாஷிக்கு இவர்கள் பேச்சை அவர்களுக்கும் அவர்கள் பேச்சை இவர்களுக்கும் சொல்வதுதான் பிழைப்பு.

"இந்தா பாருப்பா. ஈஸ்டர் முடியிற வரிக்கும் தொர சங்கீதம் கேக்கசொல்ல நடுவுல ஒரு சத்தம் வரக் கூடாது. நாயி, காக்கா, மனுசன், எதுவும். அப்பிடிப் பாத்துக்கினா உங்க அக்காவ வுட்டுடறாராம்."

"நெசமாவா சாமி?"

"தொர சொன்னா சொன்னதுதான்."

கப்பித்தான் தம் வேட்டை நாய்க்கும் இதே முகத்தோடு எலும்பைக் காட்டிவிட்டுத் தாமே சப்பிப் போட்டதை நான் பார்த்திருக்கிறேன். வெளியே வந்ததும் அதை உஸ்ஸப்பனிடம் சொன்னேன். அவர் உதட்டில் விரலை வைத்தார்.

அன்று முதல் கோயில் அவர் கைக்குப் போயிற்று. முதலில் நாய்கள். பிரம்பால் ஒரு நாயைக்கூட அவர் அடித்ததில்லை. கருவாட்டுத் தலைகளைக் காட்டி ஏரிக்கரையோரமாகத் தோணிரேவுக்கே கூட்டிக்கொண்டு போய் விட்டுவந்தார். நாய்களுக்குள் சேதி பரவிவிட்டது. அடுத்த ஞாயிறு ஆரம்பாக்கத்து நாய்கள்வரை கோட்டை வாசலில் வந்து காத்திருந்தன. உஸ்ஸப்பன் முன்னால் கூடையோடு நடக்க, பின்னால் அத்தனை நாய்களும் சத்தமில்லாமல் நடக்க, எதிரே வந்த மீன்காரிகள் யாரோ பெரிய மனிதர் ஊர்வலம் என்று ஒதுங்கி வழிவிட்டார்கள்.

அடுத்தது இருமல். மிளகையும் கருப்பட்டியையும் இடித்து எலுமிச்சங்காய் அளவுக்கு உருண்டை பிடித்துக்கொண்டு வாசலில் நிற்பார். வருகிற வெள்ளைக்காரர் ஒவ்வொருவர் வாயிலும் ஓர் உருண்டையைத் திணிக்காமல் உள்ளே விடமாட்டார். பாதிரியாருக்கும் விலக்கில்லை. ஒரு நாள் உருண்டை பெரிதாகிவிட, அவர் பிரசங்க மேடையில் நின்று கண்ணில் நீர் வழிய மென்றுகொண்டே இருந்தார். பிரசங்கம் பாதியாகக் குறைந்துபோனது. யாரும் குறை சொல்லவில்லை.

குறட்டை விடுகிற வியாபாரியின் காதுமடலைப் பிரம்பு நுனியால் வருடி எழுப்புவார். கோயில் கூரையில் குருவி கூடு கட்டாமல் ஏணி போட்டு ஏறிப் பார்ப்பார். என் விசிறி கிரீச்சிடுகிறது என்று பிடுங்கிக்கொண்டு போய்க் காம்பில் விளக்கெண்ணெய் தடவிக் கொடுத்தார். சங்கீதம் முடிவதற்குள் துரைசானியின் வெள்ளைக் கழுத்துப்பட்டை முழுக்க எண்ணெய்ப் புள்ளி. அறை எனக்கு விழுந்தது. "சத்தம் வரலியே?" என்று கேட்டார் மனுசர்.

உச்சக்கட்டமாக ஒரு ஞாயிறு கப்பித்தானுக்கே தும்மல் வந்துவிட்டது. ஆர்கன் மெல்ல இறங்கி இழைகிற இடம். கப்பித்தானின் மூக்கு விடைத்தது, வாய் திறந்தது. வாசலில் நின்ற உஸ்ஸப்பன் வெறுங்காலோடு பாய்ந்து வந்து, நண்டு பிடித்த அந்தக் கையால் கப்பித்தானின் மூக்கை இறுகப் பிடித்துக்கொண்டார். கோயிலே மூச்சு விடவில்லை. சிப்பாய் ஒருவன் கத்தியில் கை வைத்தான். கப்பித்தான் முகம் வெந்த நண்டாகச் சிவந்தது. தும்மல் எங்கே போயிற்றோ, வரவில்லை. கடைசியில் அவர் உஸ்ஸப்பனைப் பார்த்து மெல்லத் தலையசைத்தார். அன்றைக்கு நானும் நம்பினேன், கன்னியம்மா வீடு திரும்பிவிடுவாள் என்று.

ஆனால் பழவேற்காட்டிலேயே பெரிய சத்தம் கன்னியம்மாதான். அவள் சாதாரணமாகப் பேசினாலே அக்கரையில் கேட்கும். சனிக்கிழமை சாயங்காலம் கிடங்கின் சின்ன ஜன்னலுக்குக் கீழே உஸ்ஸப்பன் போய் நிற்பார். நான் உள்ளே இருப்பவர்களுக்குத் தண்ணீர்க் குடம் தூக்கிப் போகிறபோது காதில் விழும்.

"இன்னாடா தம்பி, இப்பிடி எளச்சிப் பூட்டே? சோறு துன்றியா இல்லியா?"

"அக்கா, மெதுவா பேசு. நாளைக்கு ஞாயித்துக்கெழம."

"இன்னாத்துக்குடா மெதுவா? நான் இன்னா திருடியா? நம்ப நைனா செத்தப்பவே என்னை யாரும் வாய மூடச் சொன்னதில்ல."

"ஈஸ்டர் வரிக்கும்தான்க்கா. அப்பறம் ஊரே கேக்கறாப்புல கத்திக்கோ. நான் உக்காந்து கேக்கறேன்."

அவள் ஒப்புக்கொண்டாள். ஞாயிறுதோறும் சேலைத் தலைப்பைச் சுருட்டி வாயில் அடைத்துக்கொண்டு மூலையில் உட்கார்ந்திருப்பாள். கிடங்கில் இருந்த மற்றவர்களுக்கு அதனால் ஒரு காசு லாபமில்லை. கப்பல் வந்தால் அவர்கள் போக வேண்டியவர்கள்தான். ஆனாலும் ஒருத்தியாவது தப்பட்டும் என்று அவர்களும் வாயை மூடிக்கொண்டார்கள். பசித்து அழுகிற குழந்தையின் வாயில் தாய் விரலைக் கொடுத்து அடக்குவதை நானே பார்த்தேன். சுவருக்கு இந்தப் பக்கம் தேவனைத் துதித்துச் சங்கீதம் நடந்தது. பாதிரியார், இந்தக் கோயிலில் விளங்கும் அமைதி தேவனுடைய கிருபை என்று பிரசங்கம் பண்ணினார்.

ஈஸ்டருக்கு முந்தின நாள் கப்பல் வந்து முகத்துவாரத்துக்கு வெளியே நங்கூரம் போட்டது.

"இன்னாய்யா, கப்பல் வந்துடுச்சே?" என்றேன்.

"வந்தா வரட்டும். நாளைக்கு ஒரு நாளுதான். சாயந்தரம் அக்காவ இட்டுக்கினு போயிடுவேன். நண்டு புடிச்சி வச்சிருக்கேன், அதுக்கு நண்டுன்னா உசுரு." சொல்லும்போது அவர் முகத்தைப் பார்க்க வேண்டுமே. கல்யாண மாப்பிள்ளை தோற்றுப்போவான்.

ஈஸ்டர் அன்று கோயில் ஜன்னல் கதவுகளையெல்லாம் மூடச் சொல்லிக் கப்பித்தானின் உத்தரவு வந்தது. வெயில் என்றார்கள். சங்கீதம் தொடங்கிக் கொஞ்ச நேரத்தில் ஏரிப் பக்கமிருந்து அழுகைச் சத்தம் கேட்டது. ஒருவர் இருவர் அழுகை இல்லை. அந்த நேரம் பார்த்துக் கிடங்கைத் திறந்து ஆட்களைத் தோணிகளில் ஏற்றிக்கொண்டிருந்தார்கள். துரைசானிகள் கண்ணில் பட்டால் விருந்துச் சாப்பாடு இறங்காதாம். அவர்கள் எல்லோரும் கோயிலுக்குள் இருக்கிற வேளைதான் தோது என்று கப்பித்தானே முடிவு செய்திருந்தார். பிறகு துபாஷி சொல்லித்தான் இது எனக்குத் தெரியும்.

கப்பித்தான் கண்ணை மூடியபடியே ஒரு விரலைத் தூக்கி வாசல் பக்கம் காட்டினார். போய் அடக்கு என்று அர்த்தம். யாரை அடக்கச் சொல்கிறோம் என்ற நினைப்பே அவருக்கு இல்லை. கொடுத்த வாக்கை அவர் மீறவில்லை. மறந்துவிட்டார், அவ்வளவுதான்.

உஸ்ஸப்பன் என் பக்கத்து ஜன்னலைக் கொஞ்சமாகத் திறந்தார். நானும் பார்த்தேன். கரையோரம் தோணிகள். எல்லோரும் மாரில் அடித்துக்கொண்டு கதறுகிறார்கள். ஒரு தோணியில் கன்னியம்மா மட்டும் வாய் நிறையச் சேலையை அடைத்துக்கொண்டு, கண் பிதுங்க, கோயிலையே பார்த்தபடி சத்தமில்லாமல் உட்கார்ந்திருந்தாள். இன்னும் கொஞ்ச நேரம் பொறுத்தால் தம்பி வந்து இறக்கிவிடுவான் என்று நம்பிக்கொண்டிருந்தாள்.

உஸ்ஸப்பன் பிரம்பைச் சுவரில் சாய்த்து வைத்தார். அந்த ஜன்னலை அகலத் திறந்தார். அடுத்ததைத் திறந்தார். அதற்கடுத்ததையும் திறந்தார். பிறகு போய்ப் பெரிய கதவு இரண்டையும் தள்ளி விரியத் திறந்தார். அழுகை முழுவதும் கோயிலுக்குள் வந்துவிட்டது. வாசற்படியில் நின்று, அதுவரை யாரும் கேட்டிராத குரலில் கத்தினார்.

"அக்காவ்! போதும்! துணிய எடு! கத்துக்கா!"

அவள் துணியை எடுத்தாள். அப்பா, அது என்ன தொண்டை! கொழுந்தனில் ஆரம்பித்தாள், கப்பித்தானுக்கு வந்தாள், அவர் தாய் தகப்பன், அவர் ஊர், அவர் கப்பல், அவர் சாமி என்று ஒருவரையும் விடவில்லை. "இத்தினி நாளா என் வாய அடச்சிட்டியேடா பாவி" என்று தம்பியையும் சேர்த்துக்கொண்டாள். பாதிக் காதுப் பீரங்கிக்காரருக்கு ஒன்றும் கேட்கவில்லை, அவர் வாசித்துக்கொண்டே இருந்தார். ஆனால் அன்றைக்கு ஆர்கனை யாரும் கேட்கவில்லை. என் துரைசானி வெளிறிப்போய், அந்தப் பெண் என்ன சொல்கிறாள் என்று துபாஷியைக் கேட்டாள்.

"தமிழ்ச் சங்கீதம், அம்மா" என்றார் துபாஷி.

உஸ்ஸப்பன் படியிறங்கி நேரே தண்ணீரில் நடந்தார். நான் விசிறியைப் போட்டுவிட்டுப் பின்னால் ஓடினேன். துரைசானி கூப்பிட்டது காதில் விழுந்தது, திரும்பவில்லை. நான் கரைக்குப் போவதற்குள் அவர் இடுப்பளவுத் தண்ணீரில் போய்த் தோணியைப் பிடித்து ஏறி, அக்காவின் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டார். தோணியில் நின்ற காவலாளி தடுக்கவில்லை. சும்மா வருகிற ஆளை யார் வேண்டாம் என்பார்கள்?

நானும் முழங்கால் தண்ணீர்வரை போனேன்.

"யோவ், அது போற எடம் இன்னான்னு தெரியுமாய்யா ஒனக்கு?"

"தெரியாது. அக்கா தனியா போனா யாருகிட்ட சண்ட போடும்?"

கன்னியம்மா தலையைக் குனிந்துகொண்டு அவர் தோளில் அடித்தாள், பிறகு அந்தத் தோளையே பிடித்துக்கொண்டாள். தோணிக்காரர்கள் கழியை ஊன்றித் தள்ளினார்கள். உஸ்ஸப்பன் என்னைத் திரும்பிப் பார்த்தார்.

"தண்ணிய வுட்டு ஏறு. சேல நனையுது பாரு" என்றார்.

அவ்வளவுதான் அவர் எனக்குச் சொன்னது. முகத்துவாரம் தாண்டித் தோணி மறைகிற வரை நான் ஏறவில்லை. நீயும் வாயேன் என்று ஒரு வார்த்தை கூப்பிட்டிருந்தால் நானும் போயிருப்பேன்.