கார்க் கதவு மாட்டும் மருமகனுக்கு

உ

அல்லிநகரம்,
ஆடி வெள்ளிக்கிழமை.

அன்பும் அடக்கமும் நிறைந்த மருமகன் சுயம்புலிங்கத்துக்கு, தாய்மாமன் பஞ்சுத் தரகு செல்லப்பாண்டி எழுதிக்கொண்டது. இங்கு நானும், உன் அத்தை இருளம்மாளும், என் மகள் பூமாரியும், உன்னைப் பெற்ற என் அக்கா மொக்கம்மாளும் சுகம். மெட்ராஸில் நீ சுகமாக இல்லை என்பது உன் கடிதத்திலேயே தெரிந்துவிட்டது. தெரிந்தும் சுகமா என்று கேட்பதுதான் பெரிய மனிதருக்கு அழகு என்பதால் கேட்கிறேன்.

விஷயத்துக்கு வருகிறேன். உன் கார் கம்பெனி ஆட்டம் கண்டுவிட்டது, மூடினாலும் மூடுவார்கள் என்பது உனக்கு இப்போதுதான் தெரியும். எனக்குப் போன வருஷமே தெரியும். நான் மெட்ராஸ் வந்திருந்தப்ப கம்பெனி கேட்டு வழியா உள்ள எட்டிப் பாத்தேன்ல, விக்காத காருக வரிசையா நின்னுச்சு, அம்புட்டு மேலயும் காக்கா எச்சம். இலவம்பஞ்சு மூடையா இருந்தாலும் சரி, காரா இருந்தாலும் சரி, சரக்கு மேல காக்கா வந்து குடும்பம் நடத்துச்சுன்னா யாவாரம் படுத்துருச்சுன்னு அர்த்தம். இது எந்தக் காலேஜுலயும் சொல்லித் தர மாட்டாக. அப்பவே உங்க வாட்ச்மேன்கிட்ட, "தம்பி, வேற வேலை பாத்துக்க, இது நிக்காது"ன்னு சொன்னேன். அவன் நான் வேலை கேட்டு வந்திருக்கேன்னு நெனச்சு, "ஆள் எடுக்கல, போய்யா"ன்னுட்டான். ஞானிகளுக்கு எந்த ஊர்ல மரியாதை இருந்திருக்கு?

இதை ஊருக்கு வந்ததும் ஏன் சொல்லலைன்னு நீ கேப்ப. சொல்லியிருப்பேன். பஸ்ஸை விட்டு எறங்கினதுமே காமராஜ் டீக்கடையில, "மருமகன் கம்பெனி எப்படிங்க இருக்கு?"ன்னு கேட்டுட்டாக. மருமகன் வேலை பாக்குற எடத்தை எவனாவது கொறச்சுச் சொல்லுவானா? "எம் மருமகன் கதவு மாட்டாம ஒரு காரு அந்தக் கேட்டைத் தாண்டாது"ன்னேன். இதுல என்ன பொய் இருக்கு? நீ கதவு மாட்டுற பகுதியிலதான இருக்க? உன் கூட இன்னும் அறுபது பேரு மாட்டுறாகங்கிறதை அவுக கேக்கல, நான் சொல்லல.

வினை அங்கனதான் வந்துச்சு. போன வாரம் காமராஜ் பேப்பரைச் சத்தமாப் படிக்கிறான்: "மெட்ராஸ் கார் ஆலையில் ஆட்குறைப்பு; தொழிலாளர் கதி என்ன?" படிச்சுட்டு, "தரகரே, இது உங்க மருமகன் ஆலைதான?"ன்னான். கடையே என்னையப் பாக்குது. எனக்கு வாயில அரை வடை. முழுங்கிட்டுச் சொன்னேன்: "ஆமா. அவன் காய்ச்சல்னு லீவு போட்டுட்டான். கதவில்லாத காரை எத்தனை நாளைக்குத்தான் ஓட்டுவாக?"

பெரியாறு மதகைத் தொறந்தாக்கூட தண்ணி இம்புட்டு வேகமா வராது மாப்ள. மத்தியானத்துக்குள்ள அந்தப் பேச்சு சந்தைக்குப் போயி, கை கால் மொளைச்சு, உங்க அம்மா முன்னாடி போயி நின்னுருச்சு. "உம் மகன் லீவு போட்டதால ஆயிரம் குடும்பம் நடுத்தெருவுல நிக்குதாம்ல?" எங்க அக்காதான் உனக்குத் தெரியுமே, அடுத்த வீட்டுக் கோழி பட்டினின்னாலும் சோறு எறங்காது. நேரா என் வீட்டுக்கு வந்தாக. "தம்பி, எம் புள்ள ஊரான் புள்ளைக சோத்துல மண்ணள்ளிப் போட்டுட்டானேடா!"ன்னு ஒரு சத்தம். நான் பதில் சோடிக்கிறதுக்குள்ள ஆளைக் காணோம். ஒரு கூடை பன்னீர் திராட்சையோட மதுரை பஸ்ஸுல ஏறி உக்காந்துட்டாக. மதுரையில எறங்கி மெட்ராஸ் வண்டி பிடிச்சு, முதலாளி கையில திராட்சையைக் குடுத்து, மன்னிப்புக் கேட்டு, நாளையிலருந்து நீ ஒழுங்கா வேலைக்கு வருவேன்னு சொல்லிட்டு வரணுமாம்.

வேட்டிய ஒரு கையில பிடிச்சுக்கிட்டு ஓடிப் போயி பஸ்ஸை மறிச்சேன். கண்டக்டர் என்னைய உள்ள இழுத்துப் போட்டு டிக்கெட்டைக் கிழிச்சுட்டான். ஆண்டிபட்டி வரைக்கும் எனக்கு வாய் வரல. எப்பேர்ப்பட்ட யாவாரிகிட்டயும் பேசுற வாயி, அக்கா பக்கத்துல உக்காந்ததும் ஒட்டிக்கிருச்சு. கணவாய் நெருங்கையில சொல்லிட்டேன். "அக்கா, அவன் லீவும் போடல, ஒண்ணும் போடல. கம்பெனிதான் சரியில்ல. பாதி ஆளுகளை வீட்டுக்கு அனுப்பப் போறாகளாம். அவன் அதுல இருக்கானா இல்லையான்னு தெரியல"ன்னேன். அழுவாகன்னு நெனச்சேன். அழுகல. வேலையப் பத்தி ஒரு வார்த்தை கேக்கல. சன்னல் வழியா வெளிய பாத்துக்கிட்டு, "அப்ப அவன் நேரத்துக்குச் சாப்புடுறானாடா?"ன்னு மட்டும் கேட்டாக. ஊர் திரும்ப அடுத்த ஸ்டாப்புல எறங்கும்போது பாத்தா, பின்சீட்டுப் பிள்ளைக கூடையில பாதியத் தின்னு முடிச்சிருச்சுக. மீதியையும் அதுகளுக்கே குடுத்துட்டு எறங்கிட்டாக.

வீடு வந்து சேந்தா உன் கடுதாசி. நான் கடுதாசிய வாய்விட்டுத்தான் படிப்பேன், மூணு வீட்டுக்குக் கேக்கணும், மருமகன் எழுதியிருக்கான்னு தெரியணும். சத்தம் முன்னால போகும், அர்த்தம் பின்னால நடந்து வரும். "கணக்கை முடித்துக்கொண்டு போகிறவர்கள் கையெழுத்துப் போடலாம் என்கிறார்கள் மாமா, எதுவும் நிச்சயமில்லை. என்னை நம்பிப் பூமாரியைக் காக்க வைக்க வேண்டாம், வேறு நல்ல இடமாகப் பாருங்கள்"ங்கிறதைக் கல்யாணப் பத்திரிகை படிக்கிற மாதிரி கணீர்னு படிச்சு முடிச்சப்புறம்தான், என்ன படிச்சோம்னு எனக்கு ஒறைக்குது. உன் அத்தை அடுப்படியிலருந்து வந்தா. "கடுதாசிய மனசுக்குள்ள படிக்கிற பாடம் ஆறாம் வகுப்புல இருந்திருக்கும். அதுக்கு முன்னாடியே பள்ளிக்கூடத்தை விட்டு ஓடியாந்துட்டீகளே!"ன்னா. பூமாரி முறத்துல உளுந்து பொறுக்கிக்கிட்டு இருந்தா. கல்லை உள்ள விட்டுட்டு உளுந்தை எடுத்து வெளிய போட்டுக்கிட்டு இருந்தா.

ஏலே, உனக்கு அறிவு இருக்கா? கல்யாணத்துக்குப் பெறகு "வாங்க மாப்பிள்ளை, உக்காருங்க"ன்னு மரியாதை குடுத்தாகணும், அதனால இப்பவே ஆசை தீரக் கேட்டுக்கிறேன். ஏலே, நாங்க மாப்பிள்ளை பாத்தது உன்னையவா, கம்பெனியவா? வேற நல்ல எடம்னு எழுதுறதுக்கு உனக்குக் கை எப்படிடா வந்துச்சு?

சும்மா திட்டுற ஆளில்லை நான். பஞ்சு விசயமாப் போடிக்குப் போனவன், ஒச்சாண்டி ஜீப்புப் பட்டறையில ஒரு எட்டு எறங்கினேன். ஏலக்காய்த் தோட்டத்துக்கு ஆள் ஏத்திக்கிட்டுப் போடிமெட்டு மலை ஏறுற ஜீப்பு அம்புட்டுக்கும் அவன்தான் வைத்தியன். "எம் மருமகன் கதவு மாட்டுற அழகைப் பாத்து மெட்ராஸே அசந்து நிக்குது"ன்னேன். "தரகரே, இங்கன நிக்கிற ஜீப்புல எதுலயாவது கதவு இருக்கான்னு பாருங்க"ன்னான். சுத்தி வந்து பாத்தேன். ஒண்ணுலயும் இல்ல. கதவு இருந்தா ஓரத்துல தொங்கிக்கிட்டு வார ஆளுக எங்கிட்டுத் தொங்குவாக? நான் விடுவனா? "மாட்ட ஆள் இல்லாமத்தானடா இப்படிக் கெடக்கு"ன்னேன். சிரிச்சுட்டான். சிரிச்சு முடிச்சுட்டு, "ஒரு போல்ட்டை எம்புட்டு முறுக்கணும்னு கை அறிஞ்ச ஆளு எதையும் பழகிக்குவாரு. வரச் சொல்லுங்க. மெட்ராஸ் சம்பளம் தர முடியாது, மத்தியானச் சோறு என் வீட்டுல"ன்னான். இது நெசம் மாப்ள, போடிக்கு வந்து நீயே கேட்டுக்கலாம்.

இதுக்கு மேலயும் உனக்குச் சந்தேகம் வரும்னுதான், இன்னைக்கு ஆடி வெள்ளியாச்சேன்னு பூமாரியக் கூட்டிக்கிட்டு அம்மன் கோயில்ல பூக்கட்டிப் பாத்தேன். ஒரு பொட்டலத்துல வெள்ளை மல்லிகை, ஒரு பொட்டலத்துல செவப்பு ரோசா. வெள்ளை வந்தா கல்யாணம் உன்னோட, செவப்பு வந்தா வேற எடம். பூசாரி கண்ணை மூடிக்கிட்டு கையை நீட்டுறாரு. கர்ப்பக்கிரகத்துல வெளக்கு எகிறிக் குதிக்குது. செவத்துல பல்லி சொல்லுது. யாரும் தொடாம மணி அடிக்குது. பொட்டலத்தைப் பிரிக்கிறாரு... வெள்ளை! உங்க மெட்ராஸ் சோப்பு வெள்ளை இல்ல, நம்ம இலவம்பஞ்சு வெள்ளை. ஆத்தாவே உத்தரவு குடுத்தாச்சு. இனிமே மறுத்துப் பேச எனக்கும் உரிமையில்ல, உனக்கும் உரிமையில்ல.

ஆகவே, கையெழுத்துப் போடுவதா வேண்டாமா என்பதை உன்கூட நிற்கிற ஆட்களோடு கலந்து நீயே முடிவு செய். அவர்களை விட்டுவிட்டு எங்களுக்காக ஓடி வராதே. கம்பெனி நிமிர்ந்தால் பூமாரி அங்கன வருவாள். படுத்தால் நீ இங்கன வா. ஊருக்கு என்ன சொல்வது என்று கவலைப்படாதே, அந்தப் பொறுப்பு என்னுடையது. மாரியாத்தாளும், முருகனும், உங்கள் குலசாமியும் ஆளுக்கு ஒரு பக்கம் நின்று உன்னைக் காக்கட்டும். நாலாவது பக்கம் நான் நிற்கிறேன்.

இப்படிக்கு,
உன் நன்மையே கோரும் தாய்மாமன்,
பஞ்சுத் தரகு செல்லப்பாண்டி.

பின்குறிப்பு: எழுதி முடித்து உன் அத்தைக்குப் படித்துக் காட்டினேன். "சாமி விசயத்துல பொய் எழுதி அனுப்புனீக, அப்புறம் நான் சும்மா இருக்க மாட்டேன்"ங்கிறா. அதனால ஒண்ணே ஒண்ணைத் திருத்திக்க. கோயிலுக்குப் போனது நெசம், ரெண்டு பூவும் வாங்கினது நெசம். பூக்கட்டிப் பாக்கல. காகிதத்துல மடிக்கப் போகையில பூமாரி என் கையிலருந்து ரெண்டையும் வாங்கி, மல்லிகையும் ரோசாவும் சேத்துத் தலையில வச்சுக்கிட்டா. "கட்டிக்கப் போறவ இங்கன நிக்கிறேன். என்னைய விட்டுட்டு ஆத்தாவை எதுக்குப்பா கேக்குறீக?"ன்னா. "சரி தாயி, உன்னையவே கேக்குறேன், சொல்லு"ன்னேன். "மச்சான் எப்ப வாராகன்னு எழுதிக் கேளுங்க"ன்னு சொல்லிட்டு, என்னைய விட்டுட்டு முன்னால நடந்து போயிட்டா.

எப்ப வார?