கம்ப்யூட்டர் கொடுத்த கை

ஒப்புக்கொள்கிறேன்: இருபத்தாறு வயதில் என்னைப் போல ஒரு அலட்டல் ஆசாமி மதுரையிலேயே இருந்திருக்க மாட்டான். அலட்டுவதற்கு ஒரு முகாந்திரமும் கிடையாது என்பதுதான் விசேஷம். முருங்கைக்காய்க்குச் சட்டை மாட்டிவிட்ட மாதிரி இருப்பேன்.

இரண்டாயிரத்தின் ஆரம்ப வருடங்கள். பசுமலைப் பக்கம் ஒரு டிரைவிங் ஸ்கூல்காரர், 'கம்ப்யூட்டரிலேயே கார் பழகலாம்' என்று போர்டு வைத்தார். உள்ளே ஒரு நாற்காலி, மேசையில் பிளாஸ்டிக் ஸ்டீயரிங், எதிரே திரை. திரையில் ரோடு ஓடும். ஸ்டீயரிங்கைப் பிடித்தபடி கம்ப்யூட்டர் வரைந்த இரண்டு கைகளும் அதில் தெரியும். எந்தக் கை வேண்டுமென்று நாமே எடுத்துக்கொள்ளலாம். வளையல் போட்ட கை, ஒல்லிக் கை, நரம்பு புடைத்த பயில்வான் கை.

நான் எதை எடுத்தேன் என்று சொல்லவும் வேண்டுமா?

அந்தக் கையைப் பார்த்ததும் எனக்குள் யாரோ ஒருவன் புகுந்துவிட்டான். ஒற்றை உள்ளங்கையால் ஸ்டீயரிங்கைச் சுழற்றினேன். வளைவில் பிரேக்கா? அதெல்லாம் பயந்தாங்கொள்ளிகளுக்கு! (பிளாஸ்டிக் ஸ்டீயரிங் சுண்டு விரலுக்கே திரும்பும் என்பது இந்த மரமண்டைக்கு ஏறவில்லை.)

சொல்லிக்கொடுத்த சாந்தி டீச்சர் ஒருநாள் ஒல்லிக் கையை மாற்றி வைத்தார். அதே ரோடு. நானோ இரண்டு கையாலும் பிடித்து, கண்ணாடி பார்த்து, வளைவில் மெதுவாகத் திரும்பினேன்.

"பாத்தீங்களா சார், இந்தக் கைன்னா ஒழுங்கா ஓட்டுறீங்க. இதையே வச்சுப் பழகுங்க."

"டீச்சர், இது நோஞ்சான் கை."

"உங்க கை மாதிரிதான சார் இருக்கு?"

மறுநாளே பயில்வானிடம் திரும்பிவிட்டேன்.

அந்த மாதம் வாடிப்பட்டியிலிருந்து ஒரு ரிட்டயர்டு ஹெட்மாஸ்டர், தன் பெண்ணுக்கு என்னைப் பார்க்க வந்தார். அவரைத் திருப்பரங்குன்றத்தில் சாமி கும்பிட வைக்க, என் மாமா தன் அம்பாசடரை எடுத்தார். நான் சும்மா இருந்தேனா?

"மாமா, தள்ளுங்க. நான் ஓட்டுறேன்."

"மாப்ள, எல் போர்டுடா நீ…"

"அம்புட்டுப் பயமா? பக்கத்துல உக்காருங்க."

ஹெட்மாஸ்டர் பின்சீட்டில் ஏறினார்.

அன்றைக்கு முகூர்த்த நாள். திருப்பரங்குன்றத்தில் தெருவுக்குத் தெரு கல்யாணம். ஒரு மண்டபத்து முனையில் திரும்ப வேண்டும். வலது முழங்கையை ஜன்னலில் சாய்த்து, இடது உள்ளங்கையால் ஸ்டீயரிங்கை ஒரு சுழற்றுச் சுழற்றினேன். அது அசையவே இல்லை. குனிந்து பார்த்தேன். ஸ்டீயரிங்கின்மேல் ஒரு குச்சிக் கை கிடந்தது. 'இது யார் கை?' என்று நிஜமாகவே திகைத்துப்போனேன். அந்தத் திகைப்பில் பிரேக் என்று ஒன்று இருப்பதே மறந்துவிட்டது.

கார் நேரே மண்டப வாசலுக்குப் போனது. வரவேற்க நின்ற பெண்கள் துள்ளி விலகினார்கள். சந்தனம், கல்கண்டு, பன்னீர்ச் செம்பு எல்லாவற்றோடும் மேசை கவிழ்ந்தது. வாழைமரம் ஒன்று பானெட்டின்மேல் படுத்தது. மாமா சாவியைத் திருகி வண்டியை நிறுத்தினார். உள்ளேயிருந்த நாயனக்காரர், மாப்பிள்ளை கார் வந்துவிட்டதென்று நினைத்துக் கணீரென்று வாசிக்க ஆரம்பித்துவிட்டார்!

ஹெட்மாஸ்டர் இறங்கிவந்து, மூக்குக்கண்ணாடியில் தெறித்த சந்தனத்தைத் துடைத்தார்.

"தம்பி, இறங்குங்க. எனக்கும் ஓட்டத் தெரியும்."

இரண்டு கையாலும் பிடித்து, நிதானமாகப் பின்னுக்கு எடுத்து ஓரமாக நிறுத்தினார். "நான் வாரேன்" என்று மாமாவிடம் மட்டும் சொல்லிவிட்டு நடந்தார்.

தரகர் மூலம் பதில் வந்தது: "பையன் குணம் தங்கமாம். ஆனா தான் யாருன்னு அவனுக்கே தெரியலையாம்."

வேறு இடத்தில் எனக்குக் கல்யாணம் ஆகி, காலமும் ஓடிவிட்டது. ஆனால் இன்றைக்கும் எங்கள் சொந்தத்தில் எந்தக் கல்யாணம் என்றாலும், நான் வருகிறேன் என்று தெரிந்தால் வரவேற்பு மேசையை நாலடி உள்ளே தள்ளிப் போடுகிறார்கள். போன மாதம் என் மச்சினன் அதைத் தூணோடு சேர்த்துக் கயிறு போட்டே கட்டிவைத்திருந்தான்.

நான் போய் இறங்கியது டவுன் பஸ்ஸில்.