எந்தப் பட்டியலிலும் இல்லாத கால்மிதி

ஒரு நாடு தன்னைவிடப் பெரிய நாட்டோடு வர்த்தக ஒப்பந்தம் செய்துகொள்ள முடிவெடுத்தால், அதற்கு முதலில் தேவைப்படுவது ஒரு பட்டியல். பட்டியலுக்குத் தேவைப்படுவது ஓர் ஆள். அந்த ஆள் அதிகம் பேசாதவராக இருந்தால் நல்லது என்று வர்த்தகத் துறை இயக்குநர் நினைத்தார். அதனால் மூன்றாம் மாடியில், ஜன்னலோரம், பதினொரு வருடமாகத் தலை நிமிராமல் வேலை பார்த்து வந்த உதவியாளரிடம் அந்தப் பொறுப்பு வந்து சேர்ந்தது. ஒரே வாரத்தில் அவளுடைய சொந்தப் பெயர் அலுவலகத்தில் எல்லோருக்கும் மறந்துபோயிற்று. அவளைப் ‘பட்டியல்’ என்றே கூப்பிட்டார்கள்.

நடைமுறை எளிமையானது. நாட்டுக்குள் இறக்குமதியாகக்கூடிய பொருட்கள் மொத்தம் எட்டாயிரத்து நானூற்றுப் பதினாறு. வரியை எடுத்துவிடலாம் என்றால் அதன் எதிரே பச்சை, கூடாது என்றால் சிவப்பு. அந்தப் பொருளைச் செய்கிறவர்கள் சங்க முத்திரையோடு ஆட்சேபனை மனு கொடுத்தால் சிவப்பு. மனு வராவிட்டால் பச்சை. நம் பச்சையை எதிர்த்தரப்புக்குக் கொடுத்து, பதிலுக்கு அவர்களுடைய பச்சையை வாங்கிக்கொள்ள வேண்டும். ‘விட்டுக்கொடுப்பது’ என்ற சொல்லை மட்டும் யாரும் வாயில் வைக்கக் கூடாது, இனி அது ‘வியூக நெகிழ்வு’ என்று சுற்றறிக்கை வந்தது. அந்தச் சொல் எல்லோருக்கும் பிடித்துப்போயிற்று. கேன்டீன்காரர் டீயில் பாலைக் குறைத்ததற்குக்கூட வியூக நெகிழ்வு என்றுதான் காரணம் சொன்னார்.

மனுக்கள் வர ஆரம்பித்தன. ஊசி செய்பவர்கள் இம்மியளவும் இறங்கிவர முடியாது என்று எழுதியிருந்தார்கள். அந்நியப் பிரஷ்ஷால் தேய்த்தால் தேசத்தின் புன்னகையே மாறிவிடும் என்றது பல் பிரஷ் சங்கம். சவப்பெட்டி செய்பவர்கள், உயிரோடு இருந்தபோது எப்படியோ, போன பிறகாவது மனிதன் தன் நாட்டுப் பொருளில் படுக்க வேண்டாமா என்று கேட்டிருந்தார்கள். பட்டியல் ஒவ்வொன்றையும் படித்து, முத்திரையைச் சரிபார்த்து, சிவப்புப் பூசினாள்.

மனு கொடுக்க வந்தவர்களிடம் ஒரு பழக்கம் இருந்தது. ரசீதை வாங்கி மடித்துப் பையில் வைத்துக்கொண்டு, கதவு வரை போய்விட்டுத் திரும்பி வருவார்கள். மேஜைமேல் குனிந்து, குரலைத் தாழ்த்தி இன்னொன்று கேட்பார்கள். டயர் சங்கத் தலைவர், வெளிநாட்டுப் பாலாடைக்கட்டி விலை இறங்குமா என்று கேட்டார். பாலாடைக்கட்டிக்காரர்களுக்குக் கார் வேண்டும். கார்க்காரர்களுக்கு டயர் வேண்டும். மக்கள் கருத்து ஒன்றையும் விடக் கூடாது என்று உத்தரவு இருந்ததால், குனிந்து கேட்டதை எல்லாம் அவள் இரண்டாவது நோட்டு ஒன்றில் எழுதி வைத்தாள்.

அவளுக்கு உறுத்திக்கொண்டிருந்தது ஒரே ஒரு வரி. ஆறாயிரத்து நூற்று இரண்டாவது பொருள், கால்மிதி.

அவளுடைய அக்காவும் அத்தானும் வீட்டுக்குப் பின்னால் தகரக் கொட்டகையில் நான்கு தறி போட்டு நார்க் கால்மிதி நெய்தார்கள். பதினொரு பேர் அங்கே வேலை பார்த்தார்கள். கால்மிதி செய்வோர் சங்கத்தில் மொத்தமே ஒன்பது உறுப்பினர்கள். தலைவர் அத்தான்தான். அவள் ஞாயிற்றுக்கிழமைதோறும் போய்ச் சொல்லிவிட்டு வந்தாள், மாதக் கடைசிக்குள் ஒரு மனு கொடுங்கள், ஒரு பக்கம் போதும், முத்திரை மட்டும் முக்கியம் என்று. அத்தான் சிரித்தார்.

“மச்சினியே அங்க உக்காந்திருக்கும்போது எனக்கு எதுக்கும்மா மனு? ஆள் இல்லாதவன் எழுதுவான்.”

“ஆள் கணக்கு இல்ல அத்தான். பேப்பர்தான் கணக்கு.”

“பேனா உன் கையில, கலர் உன் கையில. ஒரு சொட்டு செவப்பு உன்னால ஊத்த முடியாதா?”

அக்கா சமையலறையிலிருந்தே சொன்னாள், இவளாவது ஊத்துறதாவது, பள்ளிக்கூடத்துல ஒரே வகுப்புல உக்காந்தப்பவே தன் பேப்பரைப் பார்த்து என்னை எழுத விடாதவ இவ.

சங்கத்தின் மற்ற எட்டுப் பேரும் அத்தானை நம்பினார்கள். அத்தான் அவளை நம்பினார். மாதம் முடிந்தது.

மறுநாள் காலை சிவப்புப் பேனாவைத் திறந்து அந்த வரியின் எதிரே வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தாள். பிறகு மூடிவிட்டாள். மனு இல்லாத சிவப்பு பொய். பொய்யை எந்தக் கோப்பில் சேர்ப்பது என்று அவளுக்குத் தெரியவில்லை.

பேச்சுவார்த்தைக் குழு கூடியது. நீள மேஜையின் தலைப்பக்கம் இயக்குநர். அவருக்கு வலப்பக்கம், பதின்மூன்று சுற்றுப் பேச்சுவார்த்தைக்குப் போய்வந்த குழுத் தலைவர். அவர் ஒவ்வொரு சுற்றிலும் கொண்டுவந்தது விமான நிலையத்துச் சாக்லேட் மட்டும்தான் என்று கேலி உண்டு. இடப்பக்கம், நிபுணர் என்ற முறையில், டயர் சங்கத் தலைவர்.

பட்டியல் எழுந்து வாசித்தாள். சிவப்பு, எட்டாயிரத்து நானூற்றுப் பதினைந்து. பச்சை, ஒன்று.

இயக்குநர் கண்ணாடியைக் கழற்றினார். மக்கள் எதுவுமே வேண்டாம் என்கிறார்களா என்று கேட்டார். அப்படி இல்லை என்று அவள் இரண்டாவது நோட்டைக் கொடுத்தாள். அதே மக்கள் வேண்டும் என்று குனிந்து கேட்டவையும் எட்டாயிரத்து நானூற்றுப் பதினைந்துதான். இரண்டு கணக்கையும் ஒத்துப் பார்த்த இயக்குநரின் முகம் மலர்ந்தது. வேண்டாம் என்பதும் வேண்டும் என்பதும் ஒன்றையொன்று அடித்துக்கொண்டு போய்விட்டன, ஆகவே இந்தப் பொருட்களைப் பற்றி மக்களுக்குக் கருத்தே இல்லை என்றார். வேண்டாம் என்றும் சொல்லாமல் வேண்டும் என்றும் கேட்காமல் மக்கள் பூரண அமைதி காத்திருப்பது ஒரே ஒரு பொருளில்தான். அமைதி சம்மதத்துக்கு அறிகுறி என்பது நிர்வாக மரபு.

பதினொரு வருடத்தில் முதல் தடவையாக அவள் கூட்டத்தில் கையைத் தூக்கினாள்.

“சார், கால்மிதி செய்றவங்க இருக்காங்க. மனு மட்டும்தான் குடுக்கல.”

“உங்களுக்கு எப்படித் தெரியும்?”

“எங்க அக்கா வீட்டுக்காரர் செய்றார் சார்.”

குழுத் தலைவர் நாற்காலியைச் சற்றுத் தள்ளிப் போட்டுக்கொண்டார்.

“அப்போ இதுல நீங்க வாயே திறக்கக் கூடாதும்மா. சொந்தக்காரங்க விஷயம்,” என்றார் இயக்குநர் கனிவாக.

அவள் டயர் சங்கத் தலைவரைப் பார்த்தாள். “இவரும் டயர்...”

“அவர் டயருக்குச் சொந்தக்காரர் இல்லம்மா. நிபுணர்.”

டயர் சங்கத் தலைவர் அடக்கமாகத் தலையசைத்தார். அவள் உட்கார்ந்தாள்.

பதினான்காம் சுற்றில் இரு தரப்பும் தங்கள் பச்சைப் பட்டியலை மூடிய உறையில் வைத்து மாற்றிக்கொண்டன. நம் குழுத் தலைவர் அவர்கள் உறையைப் பிரித்தார். உள்ளே ஒரே ஒரு வரி. கால்மிதி. அங்கேயும் ஒரு பட்டியல் இருந்திருக்க வேண்டும், அவளுக்கும் ஓர் அக்கா இருந்திருக்க வேண்டும்.

நாம் அவர்களுக்கு வரியில்லாமல் கால்மிதி விற்கலாம், அவர்கள் நமக்கு வரியில்லாமல் கால்மிதி விற்கலாம் என்ற அந்த ஒப்பந்தம், இரு நாடுகளின் வாசல்களையும் இணைக்கும் வரலாற்று நிகழ்வு என்று அறிவிக்கப்பட்டது. கையெழுத்து விழாவுக்கு அவர்களுடைய ரப்பர் கால்மிதி விமானத்தில் வந்து இறங்கியது. பிரமுகர்கள் வரிசையில் நின்று, புகைப்படக்காரர் சொன்னபடி வலது காலை ஒரு முறை, இடது காலை ஒரு முறை துடைத்துக்கொண்டு உள்ளே போனார்கள்.

நம் கால்மிதி அங்கே போகவில்லை. அந்த நாட்டுக்குள் நுழையும் கால்மிதியில் தூசி ஒட்டக் கூடாது என்று அங்கே ஒரு தர விதி இருந்தது. அதைப் பதினான்கு சுற்றிலும் யாரும் கேட்கவில்லை. கால்மிதி என்று ஒன்று பேச்சில் வரும் என்று யார் கண்டது?

ஒப்பந்தத்துக்குப் பிறகு நான்கு மாதம் அவள் அக்கா வீட்டுப் பக்கம் போகவில்லை. போனபோது கொட்டகையில் ஒரு தறிதான் சத்தம் போட்டது. மற்ற மூன்றும் பழைய படுதாவைப் போர்த்திக்கொண்டு நின்றன. பதினொரு பேரில் மூன்று பேர் மிச்சம்.

வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டுக் காலைத் துடைத்தாள். பாதத்துக்கடியில் ஏதோ மெத்தென்று அமுங்கியது. குனிந்து பார்த்தாள். ரப்பர்.

“சும்மா, எப்படிச் செஞ்சிருக்கான்னு பார்க்க வாங்கினேன்,” என்றார் அத்தான், அவள் கேட்காமலே. பிறகு அதன் ஓரத்தைக் காலால் தள்ளி நேராக்கிவிட்டுச் சொன்னார். “நம்ம விலையில பாதி.”

திட்டுவார் என்று வந்தவளுக்கு, திட்டாதது இன்னும் கஷ்டமாக இருந்தது. அவர் உள்ளே போய் ஒரு காகிதத்தைக் கொண்டுவந்து நீட்டினார். கால்மிதி செய்வோர் சங்கத்தின் ஆட்சேபனை மனு. ஒன்பது கையெழுத்து, ஒரு முத்திரை, எல்லாம் ஒழுங்காக இருந்தன. தேதி மட்டும்தான் ஏழு மாதம் பிந்தியிருந்தது.

“காலம் போயிடுச்சே அத்தான்.”

“தெரியும். அடுத்த தடவை வேற எந்த நாட்டுக்காரனாவது வருவான்ல. வச்சிரு.”

அவள் வாங்கிக்கொண்டாள். பழக்கத்தில் ரசீதுகூட எழுதிக் கொடுத்தாள். கிளம்பும்போது அக்கா வாசல் வரை வந்தாள். அத்தான் கொட்டகைப் பக்கம் போய்விட்டதைத் திரும்பிப் பார்த்து உறுதி செய்துகொண்டு, தங்கையின் காதருகே குனிந்தாள்.

“ஏண்டி, கால்ல மண்ணே ஒட்ட மாட்டேங்குது. உங்க ஆபீஸ் பக்கம் இன்னும் மலிவா கிடைக்குதாமே. குளியலறைக்கு ஒண்ணு பாரேன்.”

பட்டியல் கைப்பையிலிருந்து இரண்டாவது நோட்டை எடுத்தாள். கடைசிப் பக்கத்தில், எட்டாயிரத்து நானூற்றுப் பதினாறு என்று எண் போட்டு, கால்மிதி என்று எழுதினாள். இப்போது வேண்டாம், வேண்டும் என்ற இரண்டு பட்டியலும் சரியாக ஒத்துப்போயின.