அப்பாவின் இன்ஸ்ட்ரூமென்ட் பாக்ஸ் அனுப்பாத விவரம்

மாதா துணை
தஞ்சாவூர், 17.8.1998

அன்புள்ள மகன் சகாயராஜுக்கு, அம்மா விண்ணரசி ஆசீர்வாதத்துடன் எழுதுவது. என் முட்டி தவிர இங்கு எல்லாம் சுகம். அமெரிக்காவில் நீயும் மருமகள் லின்சியும் இரண்டு மாதப் பேத்தியும் சுகமாயிருக்க மாதாவிடம் சொல்லி வைத்திருக்கிறேன்.

இந்த வருஷமும் லீவு இல்லை, வரமுடியாது, ஆனால் அப்பாவின் இன்ஸ்ட்ரூமென்ட் பாக்ஸையும் அவர் வரைந்த மாடி அறை பிளானையும் சிநேகிதன் ரெமிஜியஸிடம் கொடுத்தனுப்பு, ஹாலில் கண்ணாடி போட்டு மாட்டப்போகிறேன் என்று எழுதியிருந்தாய். அந்தப் பிள்ளையும் வந்து, "பெட்டியக் குடுங்க ஆன்ட்டி, ஃப்ளைட்டுக்கு நேரமாச்சு" என்று செருப்பைக்கூடக் கழற்றாமல் நின்றான். வெறுங்கையோடுதான் அனுப்பினேன். ஏனென்றால் நண்டு நோண்டப் போய் டிவைடர் முனை ஒடிந்துவிட்டது, மையில் கோடு இழுக்கிற ரூலிங் பென்னை அடுத்த வீட்டு ராசம்மாள் காது குடைய வாங்கிப்போய் வளைத்துவிட்டாள், காதும் இன்னும் ஆறவில்லை, செட் ஸ்கொயரை ஆடுகிற பீரோவுக்கு முட்டுக் கொடுத்தேன், பீரோ நிற்கிறது, அது நொறுங்கிவிட்டது, அப்பா யாரையும் தொடவிடாத அந்த இண்டியன் இங்க்கை நான் தலைக்குச் சாயமாகத் தடவி, அது கழுத்துவரை வழிந்து, மூன்று ஞாயிறு பூசைக்கே போகவில்லை.

பிளான் விஷயம் கேட்டால் திட்டுவாய். நீ பிறந்தபோது, டிராப்ட்ஸ்மேன் வேலையில் கழித்துப்போட்ட டிரேசிங் துணியை அப்பா கொண்டுவருவார். வெந்நீரில் அலசினால் கஞ்சியும் மையும் போய் மல்லுத் துணியாகும். அதில் வரைந்திருந்த எத்தனையோ வாய்க்காலையும் மதகையும் அலசித்தான் உனக்குச் சட்டை தைத்தேன். பேத்தி பிறந்த சேதி வந்த சந்தோஷத்தில் அவளுக்கும் சட்டை தைக்கலாமென்று பரணில் கிடந்த துணிச் சுருளை அண்டாவில் போட்டேன். மை கரையும்போதுதான் மாடிப்படி கண்ணில் பட்டது. பக்கத்தில் 'சகாயராஜ் அறை' என்று அப்பாவின் எழுத்து. எடுப்பதற்குள் போய்விட்டது. அண்டா முன்னாலேயே உட்கார்ந்து அழுதேன்.

"கட்டாத ரூமுக்கா இப்படி அழுவுற?" என்றாள் ராசம்மாள். பிள்ளை வந்ததும் கட்டலாம் என்று இரண்டு வருஷம் முன்பு சாகிற அன்றுவரை அவர் சொன்னது அவளுக்குத் தெரியாது.

ஆகவே அனுப்ப ஒன்றுமில்லை. லின்சியை விசாரித்ததாகச் சொல். பேத்திக்கு என் முத்தம். வேளாங்கண்ணிக் கொடியேற்றத்தில் உங்கள் மூவர் பேரிலும் மெழுகுவத்தி ஏற்றுவேன்.

இப்படிக்கு,
அம்மா

பின்குறிப்பு: நண்டு, காது, பீரோ, சாயம் எல்லாம் பொய். பெட்டியில் ஒரு முள்கூட வளையவில்லை, எண்ணெய் போட்டுத் துடைத்து வைத்திருக்கிறேன். அதையும் கொடுத்தனுப்பிவிட்டால் நீ இங்கே வர வேறு என்ன இருக்கிறது? துணியை அலசியதும் அழுததும் மட்டும் நிஜம். அதில் நாலு சட்டை தைத்தாயிற்று, கழுத்து மட்டும் வெட்டவில்லை. அளவைக் கடிதத்தில் எழுதி அனுப்பாதே. பிள்ளையைக் கொண்டுவா.