இரண்டு பிரேக் வண்டி

"இது என் வண்டியே இல்ல!" என்று மாஸ்டர் கத்தினார்.

வண்டி அவருடையதுதான். தபாலில் வந்த படத்தில் நம்பர் பிளேட் பளிச்சென்று இருந்தது. அதற்கு மேலே அவருடைய டிரைவிங் ஸ்கூல் பெயர். அதற்கும் மேலே, தூரத்திலிருந்தே தெரியவேண்டும் என்று அவரே நின்று எழுதவைத்த போன் நம்பர். எதிரே சிக்னல் சிவப்பு. வண்டி கோட்டைத் தாண்டி நின்றது. செவ்வாய்க்கிழமை, காலை ஆறு பன்னிரண்டு.

ஆட்சேபணை சொல்லப் பத்து நாள். சொல்லாவிட்டால், ஓட்டக் கற்றுக்கொடுக்கும் உரிமம் ஆறு மாதம் முடக்கம். "கோட்டுக்கு முன்னாடி நில்லு" என்று பதினெட்டு வருஷமாகத் தொண்டை கிழியக் கத்துகிறவருக்கு இப்படி ஒரு கடிதம்.

"ஆறு பன்னண்டுக்கு நான் எங்க இருந்தேன்? சொல்லு."

"கட்டில்ல," என்றாள் மனைவி, துணி மடித்துக்கொண்டே. "குறட்டை விட்டுட்டு."

"அப்போ கேமரா பொய் சொல்லுது!"

"அதுக்கு உங்க மேல என்னங்க கோபம்?"

"விடமாட்டேன். நேர்ல போய் வாதாடப் போறேன். நான் தூங்கிட்டு இருந்தேன்னு நீ சாட்சி சொல்லணும்."

"தாராளமா வரேன். ஆனா அங்க நீங்க வாயத் திறக்கக் கூடாது."

"நானா? நான் எங்க பேசறேன்?"

அவர் மனைவியைச் சந்தேகப்படவே இல்லை. பதினோரு வருஷத்துக்கு முன்னால் ஒரே ஒரு நாள் அவளுக்கு ஓட்டச் சொல்லிக்கொடுத்தார். "கிளட்ச்! கிளட்ச்! உன் காலா அது, உலக்கையா?" நாலாவது நிமிஷம் அவள் இறங்கி வீட்டுக்கு நடந்துவிட்டாள். இவளுக்கு இது வராது என்று அவர் அன்றே முடிவுகட்டினார். அவளும் ஒரு முடிவுகட்டினாள். அது என்ன என்று அவர் கேட்கவில்லை.

விசாரணை அறையில் கண்ணாடி போட்ட ஒரு பெண் அதிகாரி இருந்தார். அவர் தலைக்கு மேலே ஒரு போர்டு: 'சத்தம் போடுகிறவர்களின் மனு ஏற்கப்படாது.'

வாயைத் திறக்காதவர் பத்து நிமிஷம் பேசினார். லென்ஸில் தூசி என்றார். வெயில் என்றார். கடைசியில் பழியைத் தூக்கி ஒரு புறாவின் மேல் போட்டார்.

அதிகாரி கம்ப்யூட்டரைத் திருப்பினார். "இது முன்பக்கத்துப் படம். ஓட்டுறது யாருன்னு பாருங்க சார்."

மாஸ்டர் படத்தைப் பார்த்தார். பக்கத்தில் திரும்பிப் பார்த்தார். மறுபடி படத்தைப் பார்த்தார். இரண்டு இடத்திலும் அதே முகம். படத்தில், பக்கத்து சீட்டில், மாடி வீட்டு நர்ஸ் நிம்மதியாகக் கொட்டாவி விட்டுக்கொண்டிருந்தாள்.

தொண்டைவரை ஒரு கத்தல் வந்தது. போர்டைப் பார்த்தார். விழுங்கினார்.

"மேடம், அடுத்த படத்தையும் கொஞ்சம் போடுங்க," என்றாள் மனைவி.

போட்டார். ஒதுங்கி நின்ற வண்டிக்குப் பக்கத்தில், அது விட்ட இடத்தில், ஓர் ஆம்புலன்ஸ் போய்க்கொண்டிருந்தது.

"அட! வழி விட்டிருக்கீங்க. இத எழுதிப் போட்டிருந்தாலே முடிஞ்சிருக்குமேம்மா?"

"முடிஞ்சிருக்கும் மேடம். ஆனா நான் வண்டி ஓட்டறேன்னு வீட்டுல சொன்னா இவர் கத்துவார். இங்க கத்த முடியாதுல்ல?"

அதிகாரி சிரிப்பை அடக்கிக்கொண்டு 'ரத்து' என்று முத்திரை குத்தினார். "நல்லா ஓட்டியிருக்கீங்க. சார்கிட்டதான் பழகினீங்களா?"

மாஸ்டர் காலரைச் சரிசெய்தார். "ஆமா, வந்து..."

"இல்ல மேடம், நர்ஸ்கிட்ட. அந்தச் செவ்வாய்க்கிழமைக்கு நாலு நாள் முன்னாடியே லைசென்ஸும் வந்துடுச்சு."

வெளியே வந்ததும் அவள் கையை நீட்டினாள். மாஸ்டர் சாவியைக் கொடுத்தார். வேறென்ன செய்வது?

"ஒண்ணே ஒண்ணுங்க. உங்க பக்கத்து பிரேக்ல மட்டும் கால் வைக்காதீங்க."

கற்றுக்கொடுக்கிற வண்டி அது. ஓட்டுபவருக்கு ஒரு பிரேக், உயிர் தப்பிக்க மாஸ்டருக்கு ஒரு பிரேக்.

"வைக்கலம்மா."

அவள் ஓட்டினாள். கியர் மாறியதே தெரியவில்லை. அவரிடம் பழகிய ஒருத்தரும் இப்படி ஓட்டியதில்லை, பொய் சொல்லக்கூடாது. மாஸ்டருக்கு உள்ளுக்குள் ஜிலுஜிலுவென்று இருந்தது. இவளும் கற்றுக்கொடுத்தால்? பெண்களுக்குத் தனி வகுப்பு. இன்னொரு வண்டி. அதன் பின்னால் அவள் பெயர், போன் நம்பரைவிடக் கொஞ்சம் சின்ன எழுத்தில்.

அதே சிக்னல் வந்தது. பச்சை. அவள் கோட்டைத் தாண்டினாள். மஞ்சள் விழுந்தது. மாஸ்டரின் கால் அவரைக் கேட்காமல் பிரேக்கை மிதித்தது.

வண்டி நின்றது. மஞ்சள் சிவப்பானது. மேலே கேமராவிலிருந்து பளீரென்று ஒரு வெளிச்சம்.

"காலை எடுங்க," என்றாள்.

பின்னால் பத்து ஹாரன்.

"உங்க கால், உங்க பிரேக். இந்தத் தடவை நான் சாட்சிக்கு வரமாட்டேன். முதல்ல காலை எடுங்க."

சிவப்பு விழுந்தால் காலை எடுக்கக்கூடாது என்று பதினெட்டு வருஷமாகச் சொல்லிக்கொடுப்பவர். எடுக்கவில்லை.