‘எவரையும்’ என்ற ஒரு சொல்லைத் திருத்தக் கோரி

சட்டத்துறையின் வரைவுப் பிரிவில் வீற்றிருக்கும் அன்பும் மதிப்பும் மிக்க மைத்துனருக்கு,

உன் அத்தான் எழுதுவது. நீயும் உன் மனைவியும் குழந்தையும் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். சட்டம் எழுதுகிறவர்கள் எப்போதும் சுகமாகத்தான் இருக்கிறார்கள். அதை வைத்துக்கொண்டு பள்ளிக்கூடம் நடத்துகிறவனுக்குத்தான் இரத்த அழுத்தம். உறவுமுறையில் உன்னை ‘நீ’ என்றும், அலுவல் முறையில் ‘தாங்கள்’ என்றும் எழுத வேண்டியவன் நான். கீழே எந்த இடத்தில் எது வந்து விழுந்தாலும் பெரிதுபடுத்த வேண்டாம்.

விஷயத்துக்கு வருகிறேன். தாங்கள் வரைந்து, சபையில் எல்லோரும் மேசையைத் தட்டி நிறைவேற்றிய புதிய கல்விச் சட்டத்தின் பதினோராம் பிரிவு இப்படிச் சொல்கிறது: ‘சேர்க்கை கோரி வரும் எவரையும் அருகமைப் பள்ளி எக்காரணம் கொண்டும் திருப்பி அனுப்பக் கூடாது.’ மீறினால் தலைமையாசிரியர் பணி இடைநீக்கம். படித்தபோது எனக்குக் கண் கலங்கிவிட்டது. நம் வீட்டுப் பிள்ளை எப்படி எழுதியிருக்கிறான் பாருங்கள் என்று ஆசிரியர் அறையில் உரக்க வாசித்துக் காட்டினேன். ‘எவரையும்’ என்றால் எந்தக் குழந்தையையும் என்று நான் எடுத்துக்கொண்டேன். ஊர் உலகமும் அப்படித்தான் எடுத்துக்கொண்டது. என் வீட்டில் மட்டும் வேறு மாதிரி எடுத்துக்கொண்டார்கள்.

போன வருடச் சேர்க்கையின் முதல் நாள். அலுவலக அறை வாசலில் தொடங்கிய வரிசை வெளிக்கதவு வரை நீண்டிருந்தது. மின்விசிறியைப் போட்டால் விண்ணப்பங்கள் பறக்கின்றன, நிறுத்தினால் எனக்கு வேர்த்துக் கொட்டுகிறது. தலையை நிமிர்த்தாமல் முத்திரை குத்திக்கொண்டே, “அடுத்து. எந்த வகுப்பு?” என்றேன். “பத்தாவது” என்றது ஒரு குரல். “அப்பா அம்மா யாராவது கூட வந்திருக்காங்களா?” “பாதுகாவலர் வந்திருக்கார். எதிர்லதான் உக்காந்து முத்திரை குத்திட்டிருக்கார்.” காலையில் எனக்குக் காபி கொடுத்த குரல் அது என்பது அப்போதுதான் உறைத்தது. நிமிர்ந்தால் உன் அக்கா நிற்கிறாள். தோளில் புதுப் பை வேறு.

“என்ன வெளையாட்டு இது? வீட்டுக்குப் போ” என்றேன், பல்லைக் கடித்துக்கொண்டு. “அப்ப என்னைத் திருப்பி அனுப்பறீங்க?” என்று அவள் வரிசைக்கே கேட்கும்படி கேட்டாள். வரிசை சுவாரசியமாகிவிட்டது. அவள் முதுகுக்குப் பின்னாலிருந்து, பல்கலைக்கழகத்தில் சட்டம் படிக்கும் உன் அருமை மருமகள், அதாவது என் மகள், தலையை நீட்டினாள். “அப்பா, பிரிவு பதினொண்ணு. எவரையும்னுதான் இருக்கு. வயசு வரம்பு எங்கயும் இல்ல. அட்டையிலேர்ந்து அட்டை வரைக்கும் பாத்தாச்சு.” பிறகுதான் தெரிந்தது, உன் சட்டத்தின் பல்கலைக்கழக அத்தியாயம் ஒவ்வொரு மாணவரும் ஒரு சட்டம் எப்படி நடைமுறையாகிறது என்று கள ஆய்வு செய்தாக வேண்டும் என்கிறதாம். இவள் தேர்ந்தெடுத்த களம், பெற்ற தாய். “நீங்க சேத்துக்கிட்டாலும் எனக்கு மார்க் உண்டுப்பா. சேத்துக்கலைன்னா இன்னும் ஜாஸ்தி” என்றாள். கட்டின மனைவியும் பெற்ற பெண்ணும் இரண்டு பக்கமும் நின்றால் மனிதன் என்ன செய்வான்? குத்தினேன் முத்திரையை.

அவளைப் பத்தாம் வகுப்பில் கடைசி பெஞ்சில் உட்கார வைத்தோம், உயரத்தை முன்னிட்டு. வகுப்பாசிரியர் எங்கள் கணக்கு வாத்தியார். எதைப் பார்த்தாலும் தலையை ஒரு பக்கம் சாய்த்தே பார்ப்பதால் பிள்ளைகள் அவருக்குக் கோணமானி என்று பெயர் வைத்திருக்கிறார்கள். மூன்றாம் நாளோ நான்காம் நாளோ உன் அக்கா எழுந்து நின்று, “சார், புரியல” என்றிருக்கிறாள். வகுப்பே திரும்பிப் பார்த்ததாம். அப்படிச் சொன்னால் ஒன்றும் ஆகாது என்பது பிள்ளைகளுக்கு அன்றுதான் தெரிந்தது. அடுத்த வாரம் பாதி வகுப்புக்குப் புரியவில்லை. அதற்கடுத்த வாரம் யாருக்குமே புரியவில்லை. கோணமானி என் அறைக்கு வந்து நாற்காலியில் தொப்பென்று விழுந்தார். “சார், இத்தனை வருஷமா எல்லாருக்கும் புரிஞ்சுது. மேடம் வந்ததுலேர்ந்து ஒருத்தருக்கும் புரிய மாட்டேங்குது. முதல்லேர்ந்து நடத்தச் சொல்றாங்க சார்!” நான் என்ன சொல்ல? நடத்தும் என்றேன். மனிதர் பாவம், வீட்டுக்குப் போய்ப் பாடம் தயாரிக்க ஆரம்பித்துவிட்டார்.

இதோடு போயிற்றா? மாணவர் மன்றத் தேர்தல் கட்டாயம் என்று ஒரு பிரிவு போட்டீர்களே, நினைவிருக்கிறதா? எதிர்ப்பே இல்லாமல் உன் அக்காவைத் தலைவியாக்கிவிட்டார்கள். காரணம் கேட்டேன். “உங்களுக்குப் பயப்படாத ஆள் அவங்க ஒருத்தர்தான் சார்” என்று ஒரு பெண் என் முகத்துக்கு நேரே சொன்னது. மன்றத்தின் முதல் தீர்மானம்: தினமும் நூலக வகுப்பு என்று சட்டத்தில் இருக்கிறது, எங்கே அது? அந்த வகுப்பில் நாங்கள் அல்ஜீப்ரா நடத்திக்கொண்டிருந்தோம் என்பது உண்மைதான். நூலக அலமாரியின் சாவி யாரிடம் இருக்கிறது என்று யாருக்கும் தெரியவில்லை என்பதும் உண்மைதான். பூட்டை உடைத்து, பூச்சிகள் படித்தது போக மிச்சத்தைப் பிள்ளைகள் எடுத்துக்கொண்டு போனார்கள். இரண்டாவது தீர்மானம்: பெண் பிள்ளைகள் கழிப்பறைக்குத் தாழ்ப்பாள். மேலிடத்துக்கு நான் எத்தனையோ தடவை எழுதி, பதில் வராமல், கடைசியில் எழுதுவதையே ஒரு கடமையாக வைத்துக்கொண்டிருந்த விஷயம் அது. அவள் மதிய இடைவேளையில் எதிர்க்கடைத் தச்சரைக் கூப்பிட்டு மாட்டிவிட்டாள். “மன்றம் அவசரப் பராமரிப்பு செய்யலாம்னு தம்பி எழுதியிருக்கான்” என்றாள். தம்பி, தம்பி, தம்பி! எங்கள் பள்ளியில் இப்போது கடவுளைவிட அதிகமாகக் கூப்பிடப்படுவது நீதான்.

அடுத்தது பாதுகாவலர் கூட்டம். தலைமையாசிரியராக மேடையில் வரவேற்புரை ஆற்றிவிட்டு, பாதுகாவலராகக் கீழே இறங்கி, முழங்கால் இடிக்கும் பெஞ்சில் மற்ற பெற்றோர்களோடு உட்கார்ந்தேன். கோணமானிக்கு நல்ல வாய்ப்பு. தலையைச் சாய்த்து, “வீட்டுல படிக்கிற சூழ்நிலை இருக்கா சார்? சாயங்காலம் மாணவிக்கு யார் வேலை வைக்கறா?” என்று கேட்டார். படிக்கும் நேரத்தில் மாணவரை வீட்டு வேலையில் ஈடுபடுத்தக் கூடாது என்று ஒரு பிரிவு போட்ட புண்ணியவானே, அன்று முதல் இரவுச் சமையல் என்னுடையது. முதல் வாரம் பாத்திரம் அடிப்பிடித்தது, இரண்டாம் வாரம் விரல் சுட்டது, மூன்றாம் வாரம் உப்பை இரண்டு தடவை போட்டேன். உன் அக்கா ஒரு வார்த்தை குறை சொல்லவில்லை. தட்டைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், தண்ணீர் குடித்தாள்.

அரையாண்டுத் தேர்வில் அவள் கணக்கில் தோற்றாள். இதை எழுதக் கை வரவில்லை, ஆனாலும் எழுதுகிறேன். வீட்டுக்கு வந்து விடைத்தாளை மேசைமேல் விரித்து வைத்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்திருந்தாள். நான் கணக்கில் பட்டம் வாங்கியவன். கரண்டியை வைத்துவிட்டு மெதுவாகப் போய், “இந்த இடத்துல கூட்டல் குறி கழித்தலா மாறணும், அவ்வளவுதான்” என்று ஆரம்பித்தேன். சட்டென்று தாளைக் கையால் மூடிக்கொண்டாள். “வேணாம். வாத்தியார் யாரும் தன் பள்ளிக்கூடத்துப் பிள்ளைக்குத் தனியா சொல்லித்தரக் கூடாதுன்னு தம்பி எழுதியிருக்கான்.” “பொண்டாட்டிக்குமா?” “யாருக்கும்தான்.” கல்யாணமாகி இத்தனை வருடத்தில் எனக்கு நன்றாகத் தெரிந்த ஒரே விஷயத்தை அவளுக்குச் சொல்லித்தர முடியாமல், சமையலறைக்குத் திரும்பிப் போய் வெங்காயம் நறுக்கினேன். நறுக்கும்போது என் கண்ணில் தண்ணீர் வந்ததற்குக் காரணம் இருந்தது என்று மட்டும் பதிவு செய்கிறேன்.

மறுநாளே கடைசி பெஞ்சுப் பெண்கள் கூட்டமாக வீட்டுக்கு வந்துவிட்டார்கள். அவர்கள் ‘அக்கா, அக்கா’ என்று அவளுக்குக் கணக்குச் சொல்லித்தர, அவள் அவர்களுக்கு இலக்கணம் சொல்லித்தர, தினசரி வாசலில் கால் வைக்க இடமில்லாமல் செருப்பு. எல்லோருக்கும் சேர்த்துச் சமைத்தவன் நான். அந்தக் கூட்டத்தில் ஒருத்தி, படிப்பை நிறுத்திவிட்டு வேலைக்குப் போகப்போகிறேன் என்று சொல்லிக்கொண்டிருந்தவள். உன் அக்கா அவள் வீட்டுக்கே நடந்துபோய் என்ன பேசினாளோ, அந்தப் பெண் தேர்வு எழுதினாள்.

நடுவில் கல்வி அதிகாரி ஆய்வுக்கு வந்தார். கடைசி பெஞ்சில் நரைமுடியோடு ஒரு மாணவியைப் பார்த்ததும் மூக்குக்கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டார். “இந்த வயசுல எதுக்கும்மா உங்களுக்கு இதெல்லாம்?” என்று கேட்டார். நான் தூணோரம் நின்று, பூமி பிளந்தால் தேவலை என்று இருந்தேன். அவள் எழுந்து நின்றாள். “பத்தாவது பரீட்சைக்கு முந்தின வாரம் எங்கம்மா படுத்த படுக்கையாயிட்டாங்க சார். தம்பி கைக்குழந்தை மாதிரி, மூணு வயசு. அவனைப் பாத்துக்க நின்னுட்டேன். அப்புறம் அப்படியே கல்யாணம், குழந்தைன்னு போயிடுச்சு. இப்ப அவன் பெரியாளாகி சட்டம் எழுதற ஆபீஸ்ல இருக்கான். எவரையும் திருப்பி அனுப்பக் கூடாதுன்னு எழுதியிருக்கான். எவரையும்னா அதுல நானும் வருவேன்ல சார்?” அதிகாரி மறுபடி மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். “உக்காருங்கம்மா” என்றார், அவ்வளவுதான். வெளியே வந்ததும் என் கையைப் பிடித்துக் குலுக்கினார். நான் என்ன செய்தேன் என்று குலுக்கினார் என்று எனக்கு இன்றுவரை புரியவில்லை.

பரீட்சை முடிந்தது. போன வாரம் முடிவு வந்தது. அறிவிப்புப் பலகை முன்னால் ஒரே நெரிசல். உள்ளே புகுந்து தன் எண்ணைக் கண்டுபிடித்து, கணக்கு உட்பட எல்லாவற்றிலும் தேறியிருக்கிறாள் என்று தெரிந்ததும் உன் அக்கா கத்திய கத்தலில் மாடியில் இருந்த புறாக்கள் பறந்தன. அந்தப் பெண்கள் அவளைத் தூக்க முயன்று, முடியாமல், எல்லோரும் சேர்ந்து விழுந்தார்கள். கோணமானி தலையை நேராக வைத்துக்கொண்டு அழுததை என் கண்ணால் பார்த்தேன். நான் கூரையில் ஒட்டடை இருக்கிறதா என்று பரிசோதித்துக்கொண்டிருந்தேன்.

சரி, நல்லபடியாக முடிந்ததே, பிறகு ஏன் கடிதம் என்று தாங்கள் கேட்கலாம். நாளை மறுபடி சேர்க்கை. செய்தி பரவிவிட்டது. விண்ணப்பம் வாங்கிப் போனவர்களில் எதிர்க்கடைத் தச்சர், கோணமானியின் மாமியார், எங்கள் அலுவலக உதவியாளர், அவருடைய மைத்துனி என்று பெரிய படையே இருக்கிறது. உதவியாளர் ஒன்பதாவதில் சேர்ந்துவிட்டால் மணி யார் அடிப்பது? மாமியார் வகுப்பில் உட்கார்ந்தால் கோணமானி எந்த வாயால் பாடம் நடத்துவார்? எனக்கு ஓய்வு பெற இன்னும் சில மாதங்கள்தான் இருக்கின்றன. அதையாவது மானத்தோடு முடிக்க விடுங்கள். ‘எவரையும்’ என்பதற்கு முன்னால் ‘பதினெட்டு வயதுக்குட்பட்ட’ என்று சேர்க்கத் தங்கள் பேனாவுக்கு எவ்வளவு நேரம் ஆகப்போகிறது? உன் கூடப்பிறந்தவளைக் கட்டிக்கொண்டவன் என்ற உரிமையோடும், அரசுக்குக் கீழ்ப்படிந்த ஊழியன் என்ற பணிவோடும் கேட்டுக்கொள்கிறேன்.

உன் மனைவிக்கு என் அன்பு. குழந்தைக்கு என் ஆசி. அவன் எங்கள் பள்ளியின் எல்லைக்குள் குடியிருக்கவில்லை என்பதால் கூடுதலாகவே ஆசி. அக்கா உன்னை விசாரித்ததாகச் சொல்லச் சொன்னாள். பதினொன்றாம் வகுப்புப் புத்தகங்களுக்கு அட்டை போட்டுக்கொண்டிருப்பதால் அவளால் தனியே எழுத முடியவில்லை.

இப்படிக்கு,
சட்டத்துக்குக் கட்டுப்பட்ட உன் அத்தான்

பின்குறிப்பு: மேலே எழுதியது எதையும் தயவுசெய்து செய்து தொலைக்காதே. உறையை ஒட்டப்போகும் நேரத்தில் தபால் வந்தது. பல்கலைக்கழகத்துக்கும் அதே ‘எவரையும்’தான் என்று கேள்விப்பட்டு, ஒரு மாதத்துக்கு முன் வீட்டில் யாருக்கும் தெரியாமல் சட்டப் படிப்புக்கு ஒரு விண்ணப்பம் போட்டிருந்தேன். வீட்டில் இரண்டு பேர் பிரிவு பிரிவாகப் பேசும்போது ஒருவன் மட்டும் வெங்காயம் நறுக்கிக்கொண்டிருப்பது எத்தனை நாளைக்குத்தான் நடக்கும்? இடம் கிடைத்துவிட்டது, பணி ஓய்வு பெற்ற கையோடு சேர்ந்துகொள்ளலாமாம். ஆகவே நான் பட்டம் வாங்கும்வரை அந்தச் சொல்லின் பக்கம் யாரையும் அண்ட விடாதே. உன் மருமகளிடமும் இப்போதைக்கு மூச்சு விடாதே. அதே பல்கலைக்கழகம், அவள் எனக்கு சீனியர். முதலாண்டு மாணவரை மூத்த மாணவர் கேலி செய்தால் தண்டனை என்று ஒரு பிரிவு வைத்திருக்கிறாயாமே, அது அப்பாக்களுக்கும் பொருந்துமா என்பதை மட்டும் மறுதபாலில் தெரிவி.